அட்வான்ஸ் கொடுக்கும் முன்: குப்பை குறைவாக ஒரு கண்காட்சி நடத்த

கண்காட்சி முடிந்த இரவு, எல்லோரும் கிளம்பிய பிறகு, மண்டபத்தின் பின்வாசலுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். எங்கள் ஊரில் முதல்முறையாக இரண்டு நாள் விதை, கைவினைக் கண்காட்சி நடத்தியபோது நான் அப்படிப் போய் நின்றேன். ‘இயற்கையோடு இணைவோம்’ என்று பெரிதாக எழுதிய ஃபிளக்ஸ் பேனரைத் தரையில் விரித்து, அதன்மேல் எல்லாவற்றையும் கொட்டியிருந்தார்கள். மூட்டை மூட்டையாகப் பேப்பர் கப், பாதி குடித்த தண்ணீர் பாட்டில், சாம்பார் ஒழுகும் இலை. தூய்மைப் பணியாளர் அக்கா ஒருவர் பார்த்துவிட்டு, “இதை யாரு சார் பிரிக்கிறது?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அடுத்த வருடம் குப்பைத்தொட்டிகளை அதிகமாக வாங்கிப் போட்டோம். தொட்டிகள் நிறைந்தன, அவ்வளவுதான். மூன்றாம் வருடம்தான் எங்களுக்கு உறைத்தது. சமையல் மாஸ்டருக்கு, பந்தல்காரருக்கு, பேனர் கடைக்கு அட்வான்ஸ் கொடுக்கிறோமே, குப்பை அந்த நிமிடத்திலேயே முடிவாகிவிடுகிறது. எவர்சில்வர் டம்ளரா பேப்பர் கப்பா என்று அன்றைக்கு வாய் திறந்து சொல்லாவிட்டால், அவரவருக்கு வசதியானது வந்து இறங்கும். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

அதனால் இந்த வழிகாட்டி நிகழ்ச்சி நாளிலிருந்து அல்ல, இரண்டு மாதம் முன்னாலிருந்து தொடங்குகிறது. நாளொன்றுக்கு ஐந்நூறு அறுநூறு பேர் வந்துபோகும் ஒரு சிறு ஊர்க் கண்காட்சியை மனதில் வைத்து எழுதுகிறேன். உங்களுடையது பெரியதென்றால் கணக்கைப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இடம் பிடிக்கும்போது

இம்மாதிரி நிகழ்ச்சிகளில் வெளியாகும் புகையில் பெரும்பங்கு பெரும்பாலும் வருகிறவர்களின் வண்டியிலிருந்துதான் வருகிறது. ஆகவே ஊருக்கு வெளியே ஏ.சி. மண்டபம் மலிவாகக் கிடைக்கிறது என்று ஓடாதீர்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு பள்ளி மைதானமோ சமுதாயக் கூடமோ கிடைத்தால் அதுவே போதும். சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக்கு மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். அப்படி ஓர் இடம் அமைந்தால் பாதி வேலை முடிந்தது. அழைப்பிதழில் ‘வாகன நிறுத்தம் உண்டு’ என்று போடுகிற இடத்தில் பஸ் எண்ணைப் போடுங்கள்.

மண்டபத்தைப் பார்க்கப் பகல் மூன்று மணிக்குப் போங்கள். விளக்கை எல்லாம் அணைக்கச் சொல்லிவிட்டு உள்ளே நின்று பாருங்கள். எழுத்துப் படிக்க முடிகிறதா, காற்று வருகிறதா? பிறகு பின்பக்கம் போய், பாத்திரம் கழுவக் குழாயும் தண்ணீர் ஓடச் சாக்கடையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கழுவ இடமில்லாத மண்டபம் என்றால் நீங்கள் பேப்பர் கப்புக்குத்தான் போவீர்கள், எத்தனை உறுதிமொழி எடுத்தாலும்.

நிகழ்ச்சிக்கென்று உரிமம் பெறாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூட்டுவதாக இருந்தால், குறைந்தது மூன்று வேலை நாள் முன்னதாக உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும், குப்பையைப் பிரித்தும் கொடுக்க வேண்டும். 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இது இருந்தது. இதைத் தொல்லையாக நினைக்காதீர்கள். நகராட்சி சுகாதார ஆய்வாளரை முன்கூட்டியே பார்த்துவிட்டால், நுண் உரமாக்கும் மையத்தில் ஈரக்கழிவை எத்தனை மணிவரை வாங்குவார்கள், வண்டி எப்போது வரும் என்பதெல்லாம் அங்கேயே பேசி முடித்துவிடலாம்.

அட்வான்ஸ் நாள்

ஒரு குயர் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து மண்டபத்துக்குள் பொருள் கொண்டுவரும் ஒவ்வொருவரையும் எழுதுங்கள்: சமையல், பந்தல், மைக்செட், லைட், பேனர், பூ அலங்காரம், ஸ்டால் போடுகிறவர்கள், நினைவுப் பரிசு கடை. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டே கேள்விகள். என்ன கொண்டுவருகிறார்? அதில் எதைத் திருப்பி எடுத்துப் போவார்? இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாத ஒவ்வொரு பொருளும் உங்கள் பின்வாசலில் கிடக்கப்போகிறது.

பேசியதை அட்வான்ஸ் ரசீதின் பின்பக்கத்திலாவது எழுதி வாங்குங்கள். ‘பேப்பர் கப், சின்ன பாட்டில், டேபிள் ரோல் வேண்டாம்’ என்று ஒரு வரி போதும். வாயால் சொன்னது சமையல் மாஸ்டருக்கு நினைவிருக்கும்; அன்றைக்கு வரும் சப்ளையர் பையன்களுக்கு அது போய்ச் சேராது.

கம்பெனிகளுக்கு நிகழ்ச்சி நடத்துகிறவர்களிடம் சிலசமயம் ஐ.எஸ்.ஓ. 20121 கேட்பார்கள். நிகழ்ச்சிகளைச் சுற்றுச்சூழலுக்குக் கேடு குறைவாக நடத்துவதற்கென்று 2012 லண்டன் ஒலிம்பிக்கை ஒட்டி வெளிவந்த சர்வதேசத் தரநிலை அது. சின்ன நிகழ்ச்சிக்குச் சான்றிதழ் எல்லாம் தேவையில்லை, குயர் நோட்டே போதும்.

டம்ளர் கணக்கு

புதியவர்கள் பயப்படுவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அறுநூறு பேர், ஆளுக்கு ஒரு டீ, இரண்டு முறை தண்ணீர் என்று வைத்தாலே ஒரு நாளைக்கு 1,800 கப். இரண்டு நாளில் 3,600. பேப்பர் கப் என்று பெயர்தானே தவிர, உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இல்லாவிட்டால் டீ ஊறிக் கீழே வந்துவிடும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் தட்டும் உண்டு. கடையில் கிடைக்கிறது என்பதால் அனுமதி உண்டு என்று நினைத்துவிடாதீர்கள்.

“அப்போ 1,800 டம்ளர் வாடகைக்கு எடுக்கணுமா?” என்று எங்கள் பொருளாளர் அலறினார். வேண்டாம். கண்காட்சிக்கு ஆட்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருப்பார்கள். மாலை நாலரையிலிருந்து ஐந்தரை வரைதான் நெருக்கடி. அந்த ஒரு மணி நேரத்தில் 200 டீ போகும் என்று வையுங்கள். ஒரு டம்ளர் கைக்குப் போய், குடித்து, கழுவி, காய்ந்து திரும்ப 25 நிமிடம் பிடிக்கிறது. அப்படியென்றால் சுற்றில் இருக்க வேண்டியது 85 டம்ளர்தான். கைதவறல், காணாமல் போவது எல்லாம் சேர்த்து 150 எடுத்தால் தாராளம். கருத்தரங்கு என்றால் கதை வேறு. பதினொரு மணிக்கு 300 பேரும் ஒரே நேரத்தில் டீக்கு வெளியே வருவார்கள். அங்கே 300 டம்ளருக்குக் குறையக்கூடாது.

கழுவுமிடத்தில் நான்கு பாத்திரம். முதல் வாளியில் மிச்ச டீயைக் கொட்ட வேண்டும், இரண்டாவது சோப்புத் தண்ணீர், மூன்றாவது நல்ல தண்ணீர், நான்காவது ஆவி பறக்கும் வெந்நீர். வெந்நீரில் முக்கி எடுத்ததைத் துணியால் துடைக்காதீர்கள். ஒரே ஈரத்துணி நூறு டம்ளரில் பட்டால் கழுவியதே வீண். மூங்கில் தட்டியில் கவிழ்த்தால் தானே காயும். மூன்றாம் வாளித் தண்ணீரை மரத்தடியில் ஊற்றலாம்.

கழுவ இரண்டு பேர் வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். உட்கார முக்காலியும் தலைக்குமேல் நிழலும் கொடுங்கள். கப்புக்குப் போகிற காசுதான் இங்கே கூலியாகப் போகிறது என்பதால் கூலியில் பேரம் பேசாதீர்கள். தன்னார்வலர் பிள்ளைகளை வைத்துச் சமாளிக்கலாம் என்று ஒரு வருடம் பார்த்தோம், மதியம் இரண்டு மணிக்கு எல்லோரும் செல்ஃபி எடுக்கப் போய்விட்டார்கள்.

இன்னொன்று, கழுவுமிடத்தைப் பின்னால் ஒளித்துவைக்காதீர்கள். டீக்கடைக்குப் பக்கத்திலேயே, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி போடுங்கள். “எச்சில் டம்ளரா?” என்று முகம் சுளிக்கிறவர்கள் வெந்நீரில் ஆவி வருவதைப் பார்த்துவிட்டால் வாங்கிக் குடிப்பார்கள்.

டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டே ஸ்டால் ஸ்டாலாகச் சுற்றுகிற கூட்டம் இருந்தால் 10 ரூபாய் முன்பணம் வாங்குங்கள், டம்ளர் திரும்பினால் காசும் திரும்பும். புது யோசனை ஒன்றுமில்லை. நீலகிரியில் 2022-இல் டாஸ்மாக் பாட்டிலுக்கு இதே 10 ரூபாய் முறையைக் கொண்டுவந்தார்கள். குடிமகன்களே திருப்பிக் கொடுக்கும்போது நம் பார்வையாளர்கள் கொடுக்கமாட்டார்களா?

தண்ணீருக்குச் சித்திரை வெயிலில் ஆளுக்கு ஒரு லிட்டர் வையுங்கள். 600 பேருக்கு 20 லிட்டர் கேன் 30. குழாய் வைத்த மண்பானைகளில் ஊற்றி வைத்தால் ஐஸ் தேவைப்படாது. மேடையில் விருந்தினர் முன்னால் மட்டும் சின்ன பாட்டில் வைப்பது நம் ஊர் வழக்கம். அதை முதலில் எடுங்கள், மூடி போட்ட செம்பும் டம்ளரும் வையுங்கள். மறுநாள் பேப்பரில் வருவது மேடைப் படம்தானே.

சாப்பாடு

உட்கார்ந்து சாப்பிட வாழையிலை. நின்று சாப்பிடப் பாக்குமட்டைத் தட்டு அல்லது எவர்சில்வர் தட்டு. பாக்குமட்டையை ஊறவைத்துச் சூட்டில் அழுத்தித்தான் தட்டாக்குகிறார்கள், பசை எதுவும் கிடையாது. ஆனால் மழைக்காலத்தில் முன்கூட்டியே வாங்கி அடுக்கினால் பூஞ்சை பிடிக்கும். கட்டைப் பிரித்து முகர்ந்து பார்த்து வாங்குங்கள். மேசைமேல் உருட்டி விரிக்கும் பிளாஸ்டிக் தாள் 2019 தடையிலேயே வந்துவிட்டது. மேசையைத் துடைத்துவிட்டு இலை போட்டால் போதும்.

‘மக்கும் பிளாஸ்டிக்’ என்று பச்சை நிறத்தில் அச்சடித்த ஸ்பூன், பை விற்பவர்கள் வருவார்கள். அதில் பலவும் பெரிய உரஆலையின் சூட்டில்தான் மக்கும். உங்கள் தோட்டக் குழியில் போட்டால் அடுத்த கண்காட்சிவரை அப்படியே இருக்கும்.

மீந்துபோகும் சோறுதான் பெரிய தலைவலி. முன்பதிவு செய்த எண்ணிக்கையை நம்பி உலை வைக்காதீர்கள். காலை பத்தரை மணிவரை சாப்பாட்டு டோக்கன் கொடுத்து, அந்த எண்ணை மாஸ்டரிடம் சொல்லுங்கள். சாம்பார், கூட்டு முழுக்கணக்கில் தயாராகட்டும். சோற்றை மட்டும் இரண்டு ஈடாக வடிக்கச் சொல்லுங்கள். முதல் ஈட்டில் பாதிக்குமேல் போன பிறகு இரண்டாவது ஈட்டுக்கு அரிசி களையலாம். அரைமணி நேரத்தில் சோறு வந்துவிடும். மாஸ்டர் முணுமுணுப்பார், ‘பந்தியில சோறு பத்தலைன்னா என் பேரு கெட்டுடும்’ என்பார். அவர் பயம் நியாயமானது. அதனால்தான் இரண்டாவது ஈட்டுக்கான அரிசி அவர் கண்முன்னே மூட்டையில் இருக்க வேண்டும்.

கை படாமல் மிஞ்சுவதை யாருக்குக் கொடுக்கப்போகிறோம் என்று முதல் நாளே பேசி வையுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்குத் தேடத் தொடங்கினால், கொண்டுபோய்ச் சேர்வதற்குள் சாம்பார் ஊசிவிடும். இலையை மாட்டுக்குக் கொடுக்கலாம், ஆனால் பல்குச்சியும் பிளாஸ்டிக் துணுக்கும் கிடக்கிறதா என்று பார்த்த பிறகே. மிஞ்சிய சோற்றை மொத்தமாக மாட்டுக்குக் கொட்டாதீர்கள். வயிற்றில் அமிலம் ஏறி மாடு செத்தே போகலாம். புண்ணியம் என்று நினைத்துச் செய்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

பேனரும் பொன்னாடையும்

ஃபிளக்ஸ் என்பது பாலியஸ்டர் துணிமேல் பி.வி.சி. பூசியது. இரண்டும் ஒட்டிக்கிடப்பதால் பழைய இரும்புக்கடைக்காரர்கூட வாங்கமாட்டார். எரித்தால் நச்சுப்புகை. 100 மைக்ரானுக்குக் குறைந்த பி.வி.சி. பேனர்களும், அலங்காரத் தெர்மாகோலும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை.

நாங்கள் காடா துணிக்குப் போனோம். எங்கள் ஊரில் பிரஷ் பிடித்து எழுதத் தெரிந்த ஒரே ஓர் ஆர்ட்டிஸ்ட் மிஞ்சியிருந்தார். நூல்கயிற்றில் நீலப்பொடியைத் தடவி, இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்து நடுவில் ஒரு சுண்டு. துணியில் நேர்கோடு விழுந்தது. அந்தக் கோட்டின்மேல் எழுத்து உட்கார்ந்ததைப் பார்க்கவே நாலு பேர் கூடிவிட்டார்கள். அவரிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டுக்கொண்டோம்: வருடத்தையும் தேதியையும் பெரிய துணியில் எழுத வேண்டாம், தனி முழத்துண்டில் எழுதுங்கள். தேதித் துண்டை மட்டும் மாற்றி அதே பேனரை இப்போது நாலாவது வருடமாகக் கட்டுகிறோம்.

அலங்காரத்துக்குக் குருத்தோலைத் தோரணம், மாவிலை, வாசலில் வாழைமரம், தரையில் மாக்கோலம். பூ அலங்காரக்காரரிடம் அந்தப் பச்சை ஸ்பாஞ்ச் வேண்டாம் என்று குறிப்பாகச் சொல்லுங்கள். செடி மாதிரி நிறம் இருந்தாலும் அது பிளாஸ்டிக்தான், உதிர்ந்து எல்லா இலைதழையோடும் கலந்துவிடும்.

பொன்னாடைக்குப் பதில் கைத்தறித் துண்டு. மரக்கன்று கொடுப்பதைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பிளாஸ்டிக் பையில் இருக்கும் கன்றைப் பிடித்துக்கொண்டு படத்துக்கு நிற்பார்கள், பிறகு நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டுக் காரில் ஏறிவிடுவார்கள். ஒருமுறை ஏழு கன்றுகளை நானே வீட்டுக்கு எடுத்துப் போனேன். வைக்க இடமுள்ளவர்களுக்கு மட்டும் கொடுங்கள்.

ஸ்டால்காரர்கள்

இடம் ஒதுக்கும் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்: கொண்டுவந்த அட்டைப்பெட்டி, நார், பாலிதீன் எல்லாம் அவர்களோடு திரும்பிப் போக வேண்டும். சிறு முன்பணம் வாங்கி, ஸ்டாலைச் சுத்தமாக ஒப்படைத்த பிறகு திருப்பிக் கொடுத்தால் சண்டையே வராது.

துணிப்பை மாதிரியே தோன்றும் மெல்லிய பைகளைப் பலர் கொண்டுவருவார்கள். நெய்யாத பை அது, பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். நெருப்பில் காட்டினால் உருகும், பருத்தி சாம்பலாகும். தமிழ்நாட்டின் தடைப்பட்டியலில் இதுவும் உண்டு. மஞ்சப்பையை நுழைவாயிலில் விலைக்கு வையுங்கள். ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் 2021 டிசம்பரில் தொடங்கியதிலிருந்து எல்லா விழாவிலும் இலவசமாகக் கொடுத்துக் கொடுத்து, வீட்டுக்கு வீடு கதவுக்குப் பின்னால் பத்துப் பை தொங்குகிறது. இலவசப் பையும் ஒருவகைக் குப்பைதான்.

தரைக்குச் சிவப்பு விரிப்பை மீட்டர் கணக்கில் வெட்டி ஒட்டிவிட்டு, முடிந்ததும் சுருட்டி எறிவது பெரிய கண்காட்சிகளின் பழக்கம். பவானி ஜமக்காளத்தையோ கோரைப்பாயையோ வாடகைக்குக் கேளுங்கள், அல்லது தரையைத் தரையாகவே விடுங்கள். வடை, சுண்டல் ஸ்டாலில் செய்தித்தாள் கூடாது, அச்சு மை உணவில் இறங்கும். கையகல வாழையிலைத் துண்டு போதும்.

விளக்கும் ஜெனரேட்டரும்

லைட்காரர் பழைய 500 வாட் ஹாலஜன் பத்து கொண்டுவந்தால் மணிக்கு 5 யூனிட். அதே இடத்தில் 50 வாட் எல்.இ.டி. வைத்தால் அரை யூனிட்தான். ஹாலஜனின் வெக்கைக்கு மேடையில் இரண்டு ஏர்கூலர் வேறு வேண்டியிருக்கும். தற்காலிக மின் இணைப்புக்கு முன்கூட்டியே விண்ணப்பித்துவிட்டு, ஜெனரேட்டரைக் கரண்ட் போனால் மட்டும் ஓட்டச் சொல்லுங்கள். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கரியமில வாயு. சின்னத் தேவைக்குப் பெரிய ஜெனரேட்டர் வந்து நின்றால் சும்மாவே டீசல் குடிக்கும். மொத்த வாட்டைக் கூட்டி எழுதி முன்பே கொடுங்கள்.

தொட்டியும் ஆளும்

இத்தனையும் செய்தால் தொட்டியில் விழுவதற்கு அதிகமாக ஒன்றும் இருக்காது. இருப்பதை இப்படிப் பிரிக்கலாம். மூலைக்கு மூலை ஒற்றைத் தொட்டி வைக்காமல், இரண்டு தொட்டிகளை ஜோடியாக வையுங்கள்: ஒன்று இலை, சோறு, மற்றது காய்ந்த குப்பை. ‘மக்கும், மக்காத’ என்ற எழுத்தை யாரும் படிப்பதில்லை. தொட்டிக்குமேல் அட்டையில் நிஜப் பொருளையே கட்டித் தொங்கவிடுங்கள், ஒரு பக்கம் இலைத்துண்டும் பாக்குமட்டையும், மறுபக்கம் பிஸ்கட் கவர். சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு ஜோடிக்கும் ஓர் ஆள் நிற்க வேண்டும். கை கழுவுமிடத்துக்குச் சற்று முன்னால் வைத்தால்தான் இலையோடு வருகிறவர் போட்டுவிட்டுக் கழுவப் போவார்.

தூய்மைப் பணியாளர்களுக்குச் சாப்பாட்டு டோக்கன் முதல் பந்தியிலேயே கொடுங்கள். கையுறை, சாக்கு, கூடுதல் நேரத்துக்குக் கூலி ஆகியவற்றைச் செலவுக் கணக்கில் தனி வரியாகப் போடுங்கள். ‘மீதி இருந்தா பார்ப்போம்’ என்ற கணக்கில் வேண்டாம்.

பிரிக்கும் நாள்

பந்தல் பிரிக்கும்போதுதான் கவனிக்காத குப்பை வெளியே வரும்: பிளாஸ்டிக் டேக், இன்சுலேஷன் டேப், ஆணி, சணல் துண்டு. முதலில் காடா துணியை நீங்களே அவிழ்த்து மடித்து எடுத்துவையுங்கள், இல்லாவிட்டால் யாராவது லாரியில் சாமான் மூடக் கொண்டுபோய்விடுவார்கள். பிறகு தொங்குதராசு ஒன்று இரவல் வாங்கி, கிளம்பும் சாக்குகளை எடைபோட்டு, ஈரம் எவ்வளவு, காய்ந்தது எவ்வளவு என்று அதே குயர் நோட்டில் எழுதுங்கள். அடுத்த வருடம் அட்வான்ஸ் கொடுக்கப் போகும்போது கையில் இருக்க வேண்டியது அந்தப் பக்கம்தான்.

போன முறை மறுநாள் காலையில் பாத்திரக் கடைக்குப் போய் டம்ளரை எண்ணிக் கொடுத்தேன். எடுத்தது 150, திரும்பியது 143. ஏழுக்குக் காசு கட்டினேன். கடைக்காரர் நோட்டில் அடித்துவிட்டு, “ரெண்டு நாளைக்கு ஏழுதானா? கல்யாண வீட்ல ஒரு பந்திக்கே இதைவிடக் கூடப் போகுமே சார்” என்றார்.